பதிவில் இல்லாத தண்ணீர்

மூன்றாம் வார்டின் மூத்த சிஸ்டர் இருபத்தெட்டு வருடமாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பெயர் செவிலியம் அல்ல என்பது இருபத்தொன்பதாவது வருடத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது.

தெரியப்படுத்தியவர், நான்காம் மாடியில் புதிதாகத் திறந்த செவிலியத் தகவலியல் துறையின் தலைவி. அவரும் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர்தான். அவர் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று பெயர் எடுத்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சிக்குப் போனார். போனவர் இன்னும் திரும்பவில்லை என்றுதான் பழைய சிஸ்டர்கள் சொல்வார்கள். தினமும் இதே மருத்துவமனைக்குத்தான் வருகிறார், இதே லிஃப்டில்தான் ஏறுகிறார். வார்டு இருக்கும் மாடியில் லிஃப்ட் நின்று கதவு திறந்தால் மட்டும் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

திறப்பு விழாவில் திரையில் ஓர் ஏணிப் படம் காட்டினார்கள். நான்கு படி. அடியில் தரவு, அதற்கு மேல் தகவல், அதற்கு மேல் அறிவு, உச்சியில் ஞானம்.

"நீங்க வார்டுல தொடறது, தூக்கறது, துடைக்கறது எல்லாம் தரவு," என்றார் தலைவி. "அது எங்ககிட்ட வந்து தகவலாகுது. நாங்க யோசிச்சா அறிவாகுது. நாங்க கூடி யோசிச்சா ஞானமாகுது. அந்த ஞானத்தை உங்களுக்கே சுற்றறிக்கையா அனுப்பி வைப்போம்."

மூன்றாம் வார்டில் வெடி சிஸ்டர் என்று ஒருவர் உண்டு. வாயைத் திறந்தால் வெடிப்பார் என்பதால் வந்த பெயர். அவர் எழுந்து, அந்த ஏணியில் எங்களுக்கும் ஏற வழி உண்டா மேடம் என்று கேட்டார்.

"ஏணி ஏறறதுக்கு இல்லம்மா," என்றார் தலைவி. "புரிஞ்சுக்கறதுக்கு."

கைதட்டினார்கள். விழா முடிந்து எல்லோரும் இறங்கி வருவதற்குள் வார்டு வார்டாகப் பலகை மாட்டியாகிவிட்டது. கை கழுவும் தொட்டிக்கு மேலே, கை கழுவச் சொல்லும் படம் இருந்த இடத்தில், ஒரு முழ நீளப் பலகை. அதில் இரண்டே சொல்: பதியாதது நடக்காதது.

பதிவதற்கு ஆளுக்கொரு வண்டி கொடுத்தார்கள். சக்கரம் வைத்த மேசை, மேலே கணினி. கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கே போனாலும் பின்னாலேயே வந்து, செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செய்யாததை மட்டும் மேலே போய்ச் சொல்லும் குணம் அதற்கு இருந்ததால் வெடி சிஸ்டர் அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்தார். நாத்தனார் இன்னார் என்று ஆனபிறகு, நான்காம் மாடியில் இருப்பவர் மாமியார் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாத்தனாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான்கு நிமிடம் யாரும் தன்னைத் தொடாமல் இருந்தால் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். திரும்பத் திறக்கக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லை ஒன்பது நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதில் பிள்ளைகள் பெயர் இருக்கக் கூடாது, புருஷன் பெயர் இருக்கக் கூடாது, அர்த்தமுள்ள எதுவுமே இருக்கக் கூடாது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகு துடைக்க எப்படியும் ஏழு நிமிடம் ஆகும். ஆகவே சிஸ்டர்கள் வலது கையால் முதுகைத் துடைத்துக்கொண்டே, இடது கையால் நாத்தனாரைத் தடவிக்கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். மூன்றாம் வார்டில் படுத்திருந்த ஒரு கம்பெனிக் கணக்கர், என் முதுகைவிட அதுக்குத்தான் கவனிப்பு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

ஒரு நோயாளிக்கு ஒரு வேளைக்கு நூற்றுப் பன்னிரண்டு கேள்வி. இருபத்திரண்டு நோயாளி. கூட்டிப் பார்த்த வெடி சிஸ்டர், கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும் என்று கண்டுபிடித்தார். ஆனால் நாத்தனாரிடமும் ஒரு நல்ல குணம் இருந்தது. திரையின் மூலையில் 'முன்போலவே' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் போன வேளையில் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு பதிலும் அப்படியே இந்த வேளைக்கும் வந்து உட்கார்ந்துவிடும். எல்லா வார்டிலும் எல்லோரும் அதை அழுத்தினார்கள். பக்கத்து வார்டில் மூன்றாம் கட்டில் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை மாவுக்கட்டுப் பிரித்தார்கள். அடுத்த புதன்கிழமை அவர் கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறபோதும் பதிவில் மாவுக்கட்டு இருந்தது. மாவுக்கட்டு ஒரு விரிசலும் இல்லாமல் உறுதியாக நின்றதைப் பாராட்டி மேலிருந்து சுற்றறிக்கை வந்தது.

மூத்த சிஸ்டருக்கு அந்தப் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை. பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்பார். அதனால் மருத்துவமனையிலேயே கடைசி இடம் மூன்றாம் வார்டுக்குத்தான். வாசல் பலகையில் மற்ற வார்டுகளெல்லாம் பச்சை, மூன்று மட்டும் சிவப்பு. ஆளே இல்லாமல் பூட்டிக் கிடந்த ஒன்பதாம் வார்டுகூடப் பச்சை.

இந்த நிலையில்தான் ஏழாம் கட்டிலுக்கு ஏலக்காரர் வந்தார். காய்கறிச் சந்தையில் முப்பது வருடம் ஏலம் போட்டவர். சந்தையின் இந்தக் கோடியில் அவர் தொண்டையைக் கனைத்தால் அந்தக் கோடியில் வெங்காய மூட்டை விலை ஏறும் என்று கூட வந்த வீட்டம்மா பெருமையாகச் சொன்னார். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை, திங்கட்கிழமை காலை.

வந்த அன்றே நாத்தனார் கேட்கிற முதல் கேள்வியை மூத்த சிஸ்டர் கேட்டார். வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும்.

"நீங்க எதுல ஆரம்பிக்கிறீங்க?" என்றார் ஏலக்காரர்.

ஆரம்பிப்பது அவர்தான் என்று சொன்னதும் மூன்று என்றார். சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். ஆறாம் கட்டில்காரருக்குச் சிறுநீரகக் கல். அவர் விடுவாரா? நாலு என்றார். எட்டாம் கட்டில் ஐந்து என்றது. ஜன்னலோரத்தில் கால் முறிந்து கிடந்தவர் இதுவரை வாயே திறக்காதவர், ஆறு என்று கூவினார். ஏலக்காரர் எழுந்து உட்கார்ந்து, ஆறு ஒரு தரம், ஆறு ரெண்டு தரம் என்று இழுத்து, ஆறரைக்கு முடித்துக் கையைத் தட்டினார். நாத்தனார் அரையை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஞாயிறு இரவிலிருந்து ஏலக்காரருக்கு வாய்வழியாக எதுவும் கூடாது. அது சரியான உத்தரவுதான். மயக்கம் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். சர்ஜனே தன் கையால் கணினியில் போட்டுப் பூட்டியிருந்தார். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அறுவை அரங்கின் கூரையில் குழாய் ஒழுகியது. ஒழுகல் நிற்க ஒரு வாரம் ஆகும் என்று குழாய்க்காரர் சொன்னார். ஒரு வாரம் நின்றுகொண்டிருக்க சர்ஜனுக்கு நேரமில்லை. அவருக்கு வெளியூரில் ஒரு மாநாடு. பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு வார்டுக்கு ஓடிவந்து ஏலக்காரரின் தோளைத் தட்டினார். அடுத்த திங்கட்கிழமை செய்துகொள்ளலாம், அதுவரை நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். மூத்த சிஸ்டரிடமும் அதையே சொன்னார். போய்விட்டார்.

வாயால் சொன்னார். கணினியில் சொல்லவில்லை.

கணினியில் அறுவை சிகிச்சை 'தள்ளிவைப்பு' என்று இருந்தது. 'ரத்து' என்று இல்லை. தள்ளிவைத்த சிகிச்சை எந்த நிமிடமும் நடக்கலாம், ஆகவே பட்டினி தொடர வேண்டும் என்பது மேல்மாடியின் ஞானம். மூத்த சிஸ்டர் ஏலக்காரரின் பக்கத்தைத் திறந்தால் முழுத்திரைக்கும் சிவப்பாக ஒரு வாய், அதன் குறுக்கே ஒரு கோடு.

முதலில் டூட்டி டாக்டரிடம் போனார். சர்ஜன் போட்ட பூட்டை நான் திறந்தால் என் பெயர் சிவப்பில் வரும், எனக்கு அடுத்த மாதம் வேலை நீட்டிப்பு என்று அவர் மென்மையாகச் சொன்னார். சர்ஜன் சொன்னதைத் தானும் பக்கத்தில் நின்று கேட்டதாகவும் ஒப்புக்கொண்டார். ஆனால் காதால் கேட்டதை நம்பி மருத்துவம் பார்க்கிற காலம் போய்விட்டது என்றார்.

அடுத்து உதவி எண்ணுக்குத் தொலைபேசினார். அந்தப் பக்கத்துக் குரல் சிஸ்டரின் எண், வண்டியின் எண், நோயாளியின் எண் எல்லாம் வாங்கிக்கொண்டு பிரச்சினை என்ன என்றது.

"ஒரு மனுஷனுக்குத் தண்ணி வேணும் தம்பி."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அது எந்த மென்பொருள்ம்மா?" என்றது குரல்.

மத்தியானம் ஆகிவிட்டது. ஏலக்காரரின் உதடு வெடித்திருந்தது. வாயை நனைத்த பஞ்சால் துடைக்க மட்டும் அனுமதி உண்டு, துடைத்தார்கள். பஞ்சு உதட்டில் படும்போதெல்லாம் அவர் பல்லால் அதைப் பிடிக்கப் பார்த்தார். சலைனைக் காட்டி, உடம்புக்கு வேண்டிய தண்ணீர் இதில் போகிறது ஐயா என்று மூத்த சிஸ்டர் சமாதானம் சொன்னார்.

"கைக்குக் குடுத்துட்டீங்க, சரி," என்றார் அவர். முப்பது வருடம் சந்தையை ஆண்ட குரல், காய்ந்த வாழைச்சருகை மிதித்த மாதிரி வந்தது. "நாக்குக்கு யாரு சொல்றது, சிஸ்டரம்மா?"

மூத்த சிஸ்டர் லிஃப்டில் ஏறி நான்காம் மாடிக்குப் போனார்.

அங்கே வாசலிலேயே சூடாக ஒன்று, குளிர்ச்சியாக ஒன்று, சாதாரணமாக ஒன்று என்று மூன்று குழாய் வைத்த தண்ணீர்ப் பெட்டி நின்றது. தலைவி அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். அவர் பின்னால் சுவர் முழுக்கத் திரை. வார்டுகளெல்லாம் அதில் கட்டம் கட்டமாக மினுங்கின.

"நீங்களே வந்தது நல்லதாப் போச்சு," என்றார் தலைவி. "உங்க வார்டுக்கு முதல் தடவையா ஒரு பச்சை வந்திருக்கு. பட்டினிக் கடைப்பிடிப்பு, நூத்துக்கு நூறு. எந்த வார்டும் பதினாறு மணி நேரம் தாண்டினதில்ல. அதைக் கெடுத்துக்காதீங்க."

மூத்த சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். குழாய் ஒழுகினது, சர்ஜன் வந்தது, தோளைத் தட்டினது எல்லாம். அவருக்குத் தாகமாக இருக்கிறது மேடம் என்று முடித்தார்.

"தாகம்ங்கறது நோயாளியோட கருத்து," என்றார் தலைவி. "கருத்து தரவாகாது. சரி, உங்க திருப்திக்குப் பாத்துடலாம்." அறிகுறிப் பட்டியலைத் திறந்தார். நானூற்றுப் பதினெட்டு அறிகுறி. தலைசுற்றல் இருந்தது, தலைக்கனம் இருந்தது, தலைமுடி உதிர்தல் மூன்று வகையாக இருந்தது. தாகம் இல்லை. "பாத்தீங்களா? அப்படி ஒண்ணு இருந்திருந்தா இத்தனை வருஷத்துல யாராவது பதிஞ்சிருக்க மாட்டாங்களா?"

"பட்டியல்ல இல்லாததை எப்படி மேடம் பதியறது?"

"அதுக்குத்தானே சொல்தேர்வுக் குழு இருக்கு. விண்ணப்பம் குடுங்க. அரிப்புக்கு ஏழு மாசம் ஆச்சு. தாகம் சின்னச் சொல்தான், சீக்கிரம் ஆகும்."

மூத்த சிஸ்டர் இறங்கி வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் வந்தார். வார்டுக்குள் நுழைந்து கை கழுவினார். தலைக்கு மேலே பலகை. இரண்டு சொல்லையும் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். இத்தனை நாளும் அதைத் திட்டாகத்தான் படித்திருந்தார். அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது.

ஏழாம் கட்டிலுக்குப் போய்த் தலைப்பக்கத்தை உயர்த்தினார். அரைத் தம்ளர் தண்ணீரை ஏலக்காரரின் கையில் கொடுத்து, ஒரு மடக்கு, அப்புறம் நிறுத்துங்கள் என்றார். தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருமல் இல்லை. மீதியைக் கொடுத்தார். இன்னொரு அரைத் தம்ளர் கொடுத்தார். ஏலக்காரர் தம்ளரை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணோரத்தில் கொஞ்சம் கசிந்தது. இவ்வளவு நேரம் அதற்குக்கூட ஈரம் இருந்திருக்காது.

பக்கத்தில் நாத்தனார் நின்றாள். யாரும் தொடாமல் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். மூத்த சிஸ்டர் திறக்கவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து ஏலக்காரர் தண்ணீர் குடித்தார், பால் குடித்தார், வீட்டம்மா கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார். பதிவில் பட்டினி இருந்தார். மற்ற வேளைச் சிஸ்டர்கள் வந்து 'முன்போலவே' அழுத்தினார்கள். விஷயம் அங்கேயே அமுங்கியிருக்கும். ஆனால் மூத்த சிஸ்டருக்கு இருந்த ஒரு கெட்ட பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது. அவருக்குப் பொய் எழுத வராது. உள்ளே போனதை எழுதாமல் விட்டார்; வெளியே வந்த சிறுநீரை வழக்கம்போல அளந்து, சொட்டுக் குறையாமல் எழுதினார். விடுவது வேறு, பொய் எழுதுவது வேறு என்பது அவர் நியாயம்.

புதன்கிழமை காலை தலைவியே வார்டுக்கு இறங்கி வந்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவை. கூட இரண்டு அலுவலர்கள். மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்.

ஏழாம் கட்டில் நோயாளிக்கு இரண்டு நாளில் சலைனாக உள்ளே போனதைவிட இரண்டு லிட்டர் அதிகமாக வெளியே வந்திருப்பதாகக் கணினி கண்டுபிடித்திருந்தது. வாய்வழியாக எதுவும் போகவில்லை. அதற்குப் பதிவு இருக்கிறது. ஆகவே நோயாளியின் உடம்பு தண்ணீரைத் தானே உற்பத்தி செய்கிறது. இதை வேறு எந்த மருத்துவமனையும் கவனித்ததில்லை. தலைவி முந்தின ராத்திரியே ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தை ஒரு மாநாட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அலுவலர்கள் ஏலக்காரரைச் சுற்றி நின்று கேட்டார்கள். என்ன தொழில், எத்தனை வருடம், அப்பாவுக்கு இப்படி இருந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? ஏலக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். சந்தையில் ஏமாந்த சோணகிரிகள் எப்படி இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தொண்டையில் ஓர் ஊற்று இருக்கிறது, பரம்பரையாக வருகிறது என்று அடக்கமாகச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

வீட்டம்மாவுக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. யாரையோ பாராட்டுகிறார்கள் என்று தெரிந்தது. பாராட்டு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லையே என்று மனசு கேட்கவில்லை.

"இதுல என்னங்க அதிசயம்?" என்றார். "சிஸ்டரம்மா வேளைக்கு மூணு தம்ளர் குடுக்கறாங்க, இவரு குடிக்கறாரு. குடிச்சது வராம எங்க போகும்?"

வெளிச்சம் மூன்று முகத்திலும் ஒன்றாக அணைந்தது.

பத்து நிமிடத்தில் உத்தரவு வந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு மூத்த சிஸ்டர்மேல் விசாரணை. அதுவரை ஏழாம் கட்டில் நோயாளியின் வாய்க்குள் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி. ஆறு, ஏழு, எட்டு மூன்று கட்டில் பக்கத்திலிருந்தும் தண்ணீர்க் கூஜாவை எடுத்துவிட்டார்கள். வீட்டம்மாவின் பையைச் சோதித்து ரொட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் சர்ஜன் வரும்வரை காவல் தொடரும் என்றும் உத்தரவில் இருந்தது. சர்ஜன் வர இன்னும் ஐந்து நாள்.

காவலாளி நல்ல மனுஷர். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தனக்குத் தாகம் எடுத்தபோதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தார். அந்தச் சத்தத்தை மட்டும் அவரால் திருப்ப முடியவில்லை. ஏலக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். மறுநாள் காலைக்குள் பதினாறு மடக்கு.

வெடி சிஸ்டர் மூத்த சிஸ்டரைத் தனியாகப் பிடித்து, மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் அக்கா, அவர்கள் ஊரைக் கூட்டித் தேர் இழுப்பவர்கள், உங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள் என்றார். மன்னிப்புக் கேட்டால் அந்த மனுஷர் ஐந்து நாள் காய வேண்டும் என்றார் மூத்த சிஸ்டர். அப்படியென்றால் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் என்றார்.

விசாரணை நடந்த அறைக்கு ஞானம் என்று பெயர். நான்காம் மாடியில் தரவு, தகவல், அறிவு என்று மற்ற அறைகளும் உண்டு. தரவு என்று எழுதியிருந்தது கழிப்பறைக்குப் பக்கத்தில். நீள மேசையின் தலைமாட்டில் மருத்துவமனை இயக்குநர், அவருக்குப் பக்கத்தில் தலைவி, சட்ட அலுவலர், தர அலுவலர், குறிப்பு எடுக்கிறவர், இன்னும் இரண்டு பேர். நடுவில் கண்ணாடிக் கூஜா நிறையத் தண்ணீர். ஆளுக்கொரு தம்ளர், மேலே காகித மூடி.

தலைவி எழுந்து பேசினார். செவிலியம் என்பது அன்பு, கருணை என்றெல்லாம் முன்பு தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்றார். அன்பை அளக்க முடியாது, அளக்க முடியாததை மேம்படுத்த முடியாது, மேம்படுத்த முடியாததை வைத்துக்கொண்டு ஒரு துறை நடத்த முடியாது என்றார். பிறகு நேராகக் கேட்டார்.

"ஏழாம் கட்டிலுக்கு நீங்க தண்ணி குடுத்தீங்களா?"

"பதிவுல என்ன இருக்கு மேடம்?" என்றார் மூத்த சிஸ்டர்.

"பதிவுல ஒண்ணும் இல்ல."

"அப்ப நடக்கலை மேடம்."

குறிப்பு எடுக்கிறவரின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. இயக்குநர் தலைவியைப் பார்த்தார். தலைவி சுவரைப் பார்த்தார். சுவரில் அதே பலகை இருந்தது.

சட்ட அலுவலருக்குத்தான் முதலில் வழி தோன்றியது. நடந்ததை இப்போது பதிந்துவிட்டால் நடந்ததாகிவிடும், அதன்பிறகு தண்டிக்கலாம் என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கணினியைத் திறந்தார்கள். தண்ணீர், இருநூறு மில்லி, திங்கட்கிழமை மாலை என்பதுவரை ஏறியது. காரணம் என்ற கட்டம் வந்தது. பட்டியலில் மூன்றுதான்: மாத்திரை விழுங்க, வாய் கொப்புளிக்க, பரிசோதனைக்கு. மாத்திரை கொடுக்கவில்லை, கொப்புளிக்கவில்லை, பரிசோதனை இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தக் கணினியும் நாத்தனார் மாதிரியே முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்டது. தர அலுவலர் இன்னொரு விஷயத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: இதைப் பதிந்தால் பட்டினிக் கடைப்பிடிப்பு நூற்றுக்கு நூறு போய்விடும், மாநாட்டுக்குப் போன கட்டுரையையும் திரும்பக் கேட்க வேண்டிவரும்.

தலைவி கணினியை மூடச் சொன்னார்.

நேரில் கேட்டுவிடலாம் என்று நோயாளியை வரவழைத்தார்கள். காவலாளி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். சலைன் பாட்டில் மேலே ஆடிக்கொண்டு வந்தது. இயக்குநர் அடிப்படையில் மரியாதை தெரிந்த மனிதர். வாங்க ஐயா, உட்காருங்க என்று, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார். நீங்கள் திங்கட்கிழமை தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார்.

ஏலக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. திரும்பவும் திறந்தார். அடித்தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டு பிரிகிற சத்தம் கேட்டது; அதன் பின்னால் ஒரு வறட்டு இருமல்.

இயக்குநரின் கை கூஜாவை எடுத்தது. தம்ளரின் காகித மூடியைத் தள்ளியது, நிறைய ஊற்றியது, நீட்டியது. இவ்வளவும் அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் இருமினால் எவர் கையும் செய்வதைத்தான் அந்தக் கையும் செய்தது.

ஏலக்காரர் குடித்தார். அவசரப்படாமல், ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத் தம்ளரை மேசைமேல் வைத்தார். அந்த அறையில் அதன் சத்தம் பெரிதாகக் கேட்டது.

இயக்குநர் தன் கையை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார்.

"சார்," என்றார் குறிப்பு எடுக்கிறவர், "இதைப் பதியணுமா?"

அவரே தொடர்ந்து, பதிய வேண்டும் என்றால் ஒரு காரணம் வேண்டும், பட்டியலில் மூன்றுதான் இருக்கிறது, எதைப் போடட்டும் என்று பணிவாகக் கேட்டார்.

"அவருக்குத் தொண்டை... பாத்தீங்கல்ல... தாகமா..." என்றார் இயக்குநர்.

"தாகம் பட்டியல்ல இல்ல சார்."

சட்ட அலுவலர் மேசையைப் பார்த்தார். தர அலுவலர் கூரையைப் பார்த்தார். கடைசியில் தலைவிதான் பேசினார். குரல் மேடையில் பேசுகிற குரலாக இல்லை.

"பதிய வேண்டாம். பதியாதது நடக்காதது."

"அப்ப சரி," என்றார் ஏலக்காரர். குரல் திரும்ப வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. தம்ளரை எடுத்து இயக்குநர் பக்கம் நீட்டினார். "நடக்காதது ஒரு தரம் ஆச்சு. ரெண்டாம் தரம் ஊத்துங்க சார்."

ஊற்றினார்.

நடக்காத ஒன்றுக்குக் காவல் எதற்கு என்று மூத்த சிஸ்டர் கேட்டதும் சட்ட அலுவலர் தன் கோப்பை மூடிவிட்டார். காவலாளியை வாசலுக்கே அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மணி மருந்து இருக்கிறது, நான் கீழே போகலாமா என்று மூத்த சிஸ்டர் எழுந்தார். கதவுவரை வந்த தலைவி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"முதல்ல எவ்வளவு குடுத்தீங்க?"

"அரைத் தம்ளர். தலையைத் தூக்கி வெச்சு, ஒரு மடக்கு. இருமல் இல்லைன்னு பாத்துட்டுத்தான் மீதி."

"ம். அப்படித்தான் குடுக்கணும்," என்றார் தலைவி. ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். லிஃப்டின் கதவு திறந்ததும் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

கட்டுரையை மாநாடு ஏற்றுக்கொண்டது. பட்டினிக் கடைப்பிடிப்பில் முதலிடம் பிடித்ததற்காக மூன்றாம் வார்டுக்கு ஒரு கேடயம் வந்தது. ஏலக்காரர் தண்ணீர்த் தம்ளர் வைக்க அது வாகாக இருந்தது. தாகத்துக்கான விண்ணப்பம் சொல்தேர்வுக் குழுவிடம் இருக்கிறது. வியாழக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எல்லோருக்கும் தேநீர் வழங்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. தண்ணீர் பற்றி ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சக்கர நாற்காலி வார்டுக்குத் திரும்பியபோது வீட்டம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன கேட்டாங்க?"

"தண்ணி குடிச்சியான்னு கேட்டாங்க."

"ஐயோ, என்ன சொன்னீங்க?"

"சொல்ல விடலை. தண்ணி குடுத்துட்டாங்க."

"யாரு?"

"யாரும் குடுக்கலை."

வீட்டம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

"அப்ப நீங்க குடிக்கலையா?"

"குடிச்சேன்," என்றார் ஏலக்காரர். "ரெண்டு தம்ளர்."